இரண்டு பக்கமும் விலை சொல்பவன்

திரையில் 'மேட்ச்டு' என்று வந்தால் முதல் மூன்று மாதம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் சொன்ன விலைக்கு முகம் தெரியாத யாரோ ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். கடை விரித்தவனுக்கு முதல் போணி ஆன மாதிரி. நான்காவது மாதத்திலிருந்து அதே சொல்லைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், மென்பொருள் சோதனை வேலை. ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கம். இங்கே வரும்வரை கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையை நான் நெருங்கிப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன் எட்டு மாதம் 'எக்ஸ்சேஞ்ச்' என்கிற இணையப் பந்தயச் சந்தையில், பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்துக்கு ராத்திரி ராத்திரியாக விலை வைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஊகித்து அல்ல. அது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் செய்ய நினைத்தது தரகு.

முதலிலேயே ஒன்று. இங்கே இது சட்டப்படி உரிமம் பெற்ற தொழில், ஜெயித்த பணத்துக்கு வருமான வரிகூடக் கிடையாது. இந்தியாவில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் வந்த சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு மொத்தமாகத் தடை போட்டு மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. 'கிரிக்கெட் ஐடி தருகிறோம்' என்று வாட்ஸப்பில் வருபவை இதே மாதிரித் திரையைக் காட்டும். அந்தத் திரைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து இதைப் படிக்கும் தம்பிமார்கள் சந்தை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள், அவ்வளவுதான்.

சரி, எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன? சாதாரண பந்தயக் கடையில் விலையைச் சொல்வது கடைக்காரர். நீங்கள் கட்டலாம், அல்லது கட்டாமல் திரும்பலாம். உதாரணமாக, இரண்டே பேர் மோதும் டென்னிஸ் ஆட்டம், இருவரும் சமபலம். நியாயமான விலை ஆளுக்கு 2.00. அதாவது பத்து பவுண்டு கட்டினால், கட்டியதையும் சேர்த்து இருபது திரும்பி வரும். கடைக்காரர் இருவருக்கும் 1.90 போடுவார். ஒன்றை 1.90ஆல் வகுத்தால் 52.63 சதவீதம், இரண்டு பேருக்கும் சேர்த்து 105.26. நூறுக்கு மேல் நிற்கும் அந்த ஐந்தேகாலுக்கு 'ஓவர்ரவுண்ட்' என்று பெயர். கடை வாடகை, கடைக்காரர் வீட்டு அரிசி, எல்லாம் அதற்குள்தான்.

2000ஆம் ஆண்டு ஜூனில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இருவர் பெட்ஃபேரைத் தொடங்கி, அந்தக் கடைக்காரரை நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டுகிறவரும் மக்கள், அந்தப் பந்தயத்தை ஏற்கிறவரும் மக்கள். நிறுவனம் ஜெயித்தவரிடம் கமிஷன் மட்டும் எடுக்கும். நெடுங்காலம் அது 5 சதவீதம், இப்போது 2 சதவீதத் திட்டமும் உண்டு. கமிஷன் மண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி மண்டிக்காரருடையது அல்ல, தராசு அவருடையது.

இதில் 'பேக்' என்றால் ஜெயிக்கும் என்று கட்டுவது. 'லே' என்றால் ஜெயிக்காது என்ற பக்கம் நின்று, கட்டுகிறவரின் பந்தயத்தை ஏற்றுக்கொள்வது. நம் ஊர்க் கிரிக்கெட் புக்கிகள் பேச்சில் இதுவே 'லகாயி', 'காயி'. இந்தியில் காயி என்றால் தின்றது. பந்தயத்தைத் தின்பது! 'லே' என்பதைவிட அது நல்ல சொல் என்பேன். தின்றது செரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 3.65 விலையில் 20 பவுண்டு பேக் செய்தால் என் கைப்பணம் போக வாய்ப்பு 20 மட்டும். அதே விலையில் 20 பவுண்டை லே செய்து குதிரை ஜெயித்துவிட்டால் நான் 53 பவுண்டு கொடுக்கவேண்டும். இதற்கு 'லயபிலிட்டி' என்று பெயர், அதை முன்கூட்டியே என் கணக்கில் பிடித்து வைத்துவிடுவார்கள். கிரெடிட் கார்டில் கட்டவும் முடியாது, 2020 ஏப்ரலில் இங்கே அதைத் தடை செய்துவிட்டார்கள். கையிலிருப்பதுதான். அந்த வகையில் பிழைத்தேன்.

புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். திரையில் நீலக் கட்டம் பேக், இளஞ்சிவப்புக் கட்டம் லே. நீலத்தில் '3.55, 340 பவுண்டு' என்று இருந்தால், 340 பவுண்டுக்குப் பேக் செய்ய யாரோ காத்திருக்கிறார் என்று படித்துவிடுவோம். நேர் எதிர். யாரோ 3.55க்கு லே செய்ய 340 பவுண்டு வைத்துக் காத்திருக்கிறார், ஆகவே நீங்கள் பேக் செய்யலாம் என்று அர்த்தம். கடைப் பலகையில் 'தேங்காய் இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அது விற்க உட்கார்ந்திருப்பவர் எழுதியது, வாங்க வந்தவர் எழுதியது அல்ல, இல்லையா? நீலப் பலகையை எழுதியது எதிர்ப்பக்கக்காரர். இது மண்டைக்குள் இறங்க எனக்குப் பதினோரு நாளும் 14 பவுண்டும் ஆனது.

விலையும் நம் இஷ்டத்துக்கு ஏறாது. படிக்கட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். 1.01இலிருந்து 2 வரை ஒரு படி 0.01, இரண்டிலிருந்து மூன்று வரை 0.02, மூன்றிலிருந்து நான்கு வரை 0.05, நான்கிலிருந்து ஆறு வரை 0.1. இப்படியே அகலமாகிக்கொண்டே போய் 1000இல் முடியும். மொத்தம் 350 படிகள். ஒரு படிக்கு 'டிக்' என்று பெயர். இந்தப் படிகளை மேலிருந்து கீழாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பணம் காத்திருக்கிறது என்று காட்டும் திரைதான் 'லேடர்', பெயரிலேயே ஏணி. இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் உட்காருவார்கள்.

இனி தரகு. ஒரு குதிரைக்கு நீலத்தில் 3.55, இளஞ்சிவப்பில் 3.65. நடுவே 3.60 காலி. அவசரக்காரர் வந்தால் இருக்கிற விலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் அவசரப்படாதவன். 3.65இல் பேக் செய்ய ஒரு ஆர்டர், 3.55இல் லே செய்ய ஒரு ஆர்டர், இரண்டையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பங்குச் சந்தையில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இங்கே பேக் செய்வது உயர்ந்த விலையில், லே செய்வது தாழ்ந்த விலையில். இரண்டு பக்கமும் ஆள் வந்து எடுத்துக்கொண்டால் நடு இடைவெளி எனக்கு. இதுதான் 'மார்க்கெட் மேக்கிங்'. எங்கள் தெருமுனையில் பணம் மாற்றித் தரும் கடைப் பலகையில் 'நாங்கள் வாங்கும் விலை', 'நாங்கள் விற்கும் விலை' என்று இரண்டு எண் எழுதியிருக்கிறதே, அந்த வேலைதான்.

கணக்கைப் பாருங்கள். 20 பவுண்டு 3.65இல் பேக் ஆகிவிட்டது. பிறகு 3.55இல் 20 பவுண்டு 56 பென்ஸ் லே செய்தால், குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு 56 பென்ஸ். எந்தப் பக்கமும் லாபம் வருகிறபடி சமன் செய்யும் இந்த வேலைக்கு 'கிரீன் அப்' என்று பெயர். திரையில் எல்லாக் குதிரைக்கும் நேராகப் பச்சை எண் வந்து நிற்கும். பந்தயம் ஓடுவதற்கு முன்பே என் வேலை முடிந்திருக்கும். எந்தக் குதிரை வந்தால் எனக்கென்ன? அந்தப் பச்சையைப் பார்க்கும்போது உலகத்திலேயே புத்திசாலி நான்தான் என்று தோன்றும். தோன்றும் என்றுதான் சொல்கிறேன்.

வரிசை என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஒரே விலையில் காத்திருக்கும் பணத்தில் முதலில் வந்ததுதான் முதலில் போகும். ரேஷன் கடை நியாயம். 3.65இல் எனக்கு முன்னால் 1,200 பவுண்டு நின்றால், அது முழுவதும் போன பிறகே என் இருபதுக்கு முறை. ஆர்டர் தொகையைக் குறைத்தால் இடம் போகாது. விலையை ஒரு படி நகர்த்தினால் மறுபடியும் கடைசி ஆளாக நிற்கவேண்டும். ஆகவே பொறுமையாக நிற்பதே திறமை என்று நானே ஒரு தத்துவம் செய்துகொண்டேன். இந்தத் தத்துவத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எனக்கு முன்னால் 1,200 பவுண்டு இருக்கும்போது என் முறை எப்போது வரும்? அந்த 1,200ஐயும் ஒருவர் விழுங்கிக்கொண்டு வந்தால்தான் வரும். அவ்வளவு பணத்தை விழுங்குகிறவர் சும்மா விழுங்குவாரா?

அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன்.

வுல்வர்ஹாம்டன் மைதானம். விளக்கு வெளிச்சத்தில் ஓடும் பந்தயத்துக்கு அந்த ஊர் பேர் போனது. 1993இலேயே விளக்கு போட்டுவிட்டார்கள், பிரிட்டனில் அதுதான் முதல். புல் தரை கிடையாது, டபெட்டா என்று மணலும் நாரும் மெழுகும் கலந்த செயற்கைத் தரை. மழையோ குளிரோ, ஓட்டம் நிற்காது. வேலை முடிந்து, குழந்தை தூங்கிய பிறகு எனக்கு மிச்சமிருக்கும் நேரத்தில் ஓடுகிற பந்தயம் இதுதான் என்பதால் அங்கேயே குடியிருந்தேன். மூன்றாம் எண் குதிரை, ஜெயிக்கும் வாய்ப்பு அதற்கே அதிகம் என்று சந்தை சொன்னது. கிளம்ப இன்னும் நான்கு நிமிடம். என் ஆர்டர் இரண்டும் ஏணியில் நிற்கின்றன. அன்று அதுவரை நான்கு பந்தயத்தில் பச்சை, மொத்தம் 1 பவுண்டு 90. மேசையில் ஆறிப்போன காப்பி.

3.65இல் மேட்ச்டு. இருபதும் ஒரே நொடியில். எனக்கு முன்னால் நின்ற எண்ணூற்றுச் சொச்சமும் அதே நொடியில் காணோம்.

அடுத்து 3.55 எடுபடும் என்று காத்திருந்தேன். விலை 3.70. பிறகு 3.80. ஏணியில் என் லே ஆர்டர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் விழுந்த செம்பைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4.2 வந்தபோது வெளியேறியிருக்கலாம். 17 பவுண்டு 38 லே செய்திருந்தால் இரண்டு பவுண்டு 62 நஷ்டத்தோடு முடிந்திருக்கும். 'ஸ்கிராட்ச்' என்பார்கள், கீறலோடு தப்பிப்பது. சரியாகச் சொன்னால், வாங்கிய விலைக்கே விட்டு வெளியே வருவதுதான் ஸ்கிராட்ச், இது அதைவிடக் கொஞ்சம் ஆழமான கீறல். செய்யவில்லை. 'திரும்பி வரும்' என்று மனசு சொன்னது. இந்த வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருக்கிறார்கள், 'திரும்பி வரும்' என்ற நினைப்புக்கு மட்டும் இல்லை.

என் டிவியில் அதன் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் எண் குதிரை, ஓட்டம் தொடங்கும் கூண்டுக்குள் போக மறுத்து அடம்பிடிக்கிறது. நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். கழுத்தெல்லாம் நுரை. என் டிவிக்குப் படம் வர சில நொடி பிந்தும், அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தச் சில நொடியில்தான் என் இருபது பவுண்டை ஒருவர் தின்றுவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. விலை 4.6இல் நிற்கும்போது பந்தயம் கிளம்பியது. குதிரை ஏழாவதாக வந்தது.

இருபது பவுண்டு பெரிய தொகையா? இல்லை. ஆனால் 56 பென்ஸ் வீதம் அதைத் திரும்பச் சம்பாதிக்க, எதுவுமே தப்பாகாமல் 36 முறை இரண்டு பக்கமும் எடுபடவேண்டும்.

"ஏனுங்க, இன்னுமா அந்தக் குதிர ஓடுது?" என்று மாடியிலிருந்து மனைவியின் குரல். ஓடி முடித்துவிட்டது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல், எந்த விரல், எப்படி அழுத்தினார் என்பதெல்லாம் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. அவரிடம் இந்த எக்ஸ்சேஞ்சை விளக்கினேன். துண்டே கிடையாது, எல்லார் விலையும் எல்லாருக்கும் தெரியும் என்றேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏங்கண்ணு, நீ சொன்ன வெலைக்கு எதுத்தாப்புல இருக்கறவன் மறுபேச்சில்லாம சரின்னுட்டான்னா, உனக்குப் பகீர்னு இருக்கோணும். மாட்டுல ஏதோ ஒண்ண அவன் பாத்துட்டான், நீ பாக்கல. பல்லப் புடிச்சுப் பாத்தயா, சுழி பாத்தயா?"

"இல்லீங் பெரியப்பா, டிவிலதான்..."

"பாக்காமயே வெல சொன்னயா?" சிரிப்பு நிற்கவே இல்லை அவருக்கு. பின்னால் பெரியம்மா என்னவென்று கேட்பதும் காதில் விழுந்தது.

பெரியப்பா சொன்னதைத்தான் 1985இல் லாரன்ஸ் குளோஸ்டன், பால் மில்க்ரம் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். மில்க்ரமுக்கு 2020இல் நோபல் கிடைத்தது, அது வேறு வேலைக்காக, ஏலக் கோட்பாட்டுக்காக. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஏன் இடைவெளி இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. விலை வைத்துக் காத்திருப்பவரிடம் வருகிற கூட்டத்தில் இரண்டு வகை. ஒன்று, தனக்குப் பிடித்த குதிரை என்று வருகிறவர். இவரிடம் தரகருக்கு லாபம். இன்னொன்று, தரகருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வருகிறவர். இவரிடம் நஷ்டம். முகம் தெரியாததால் இருவரையும் பிரிக்க முடியாது. ஆகவே இரண்டாமவரிடம் இழப்பதை முதலாமவரிடம் எடுக்கிற அளவுக்கு இடைவெளி அகலமாக இருக்கவேண்டும். கூலி என்று நான் நினைத்த இடைவெளியில் பெரும்பகுதி காப்பீட்டுப் பிரீமியம். 'அட்வர்ஸ் செலக்ஷன்' என்று இதற்குப் பெயர். எனக்குப் பெரியப்பாவின் 'பகீர்' போதும்.

இதைத் தெரிந்த பிறகு பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சோதனைக்காரன் புத்தி, ஒவ்வொரு ஆர்டரையும் விரிதாளில் ஏற்றியிருந்தேன். ஒரு புதுப் பத்தி சேர்த்தேன்: ஒரு பக்கம் எடுபட்ட முப்பது நொடிக்குப் பிறகு விலை எங்கே இருந்தது? எடுபட எனக்கு நிறைய நேரம் ஆன ஆர்டர்கள் பெரும்பாலும் நல்லபடி முடிந்திருந்தன. கண்மூடித் திறப்பதற்குள் முழுசாக எடுபட்டவைதான் என்னைக் கடித்தவை. மூன்று மாதம் நான் மகிழ்ந்ததெல்லாம் அந்த இரண்டாம் வகைக்கு. போணி வேகமாக ஆகிறதே என்று!

ஏணியில் தெரிகிற பணத்தைப் பார்த்து விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பதற்கு 'வெயிட் ஆஃப் மணி' என்பார்கள். ஒரு பக்கம் பணம் குவிந்தால் விலை அந்தப் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் நகரும் என்று பாடம். ஏணியில் நாலாயிரம் பவுண்டு திடீரென்று வந்து உட்காரும், எல்லோரும் பதறி நகர்வார்கள், அது தொடப்படுமுன் மறைந்துவிடும். இதற்கு 'ஸ்பூஃபிங்'. சந்தையில் வாங்குகிற எண்ணமே இல்லாமல் மாட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆள். பெரியப்பா இவர்களைச் சொல்கிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை வைப்பதற்கு 'இன்-ரன்னிங்'. அதில் நான் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. நீங்கள் அழுத்துகிற ஆர்டரை உடனே ஏற்றுக்கொள்ளாமல் சற்று நிறுத்தி வைப்பார்கள். விலை வைத்துக் காத்திருப்பவருக்கு அதைத் திரும்ப எடுக்க அவகாசம் தருவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவகாசம் இருந்தும் என்ன, படமே எனக்குப் பிந்தித்தானே வருகிறது? மைதானத்திலேயே உட்கார்ந்துகொண்டு டிவிக்கு முன்னால் சேதி அனுப்புவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். டென்னிஸில் இவர்களுக்குக் 'கோர்ட்சைடர்' என்று பெயர். 2014 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும்போது ஒரு பிரிட்டிஷ் இளைஞரைக் கைது செய்தார்கள். கால்சட்டைக்குள் ஒளித்த சின்னக் கருவியை அழுத்தி, ஒவ்வொரு புள்ளியையும் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று வழக்கு. இரண்டு மாதத்தில் வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துச் சொல்வது என்ன குற்றம் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது!

மனிதர்கள் மட்டும் என்று இல்லை. விலை வைத்துக் காத்திருப்பதில் பெரும்பகுதி 'பாட்' என்கிற நிரல்கள் பார்க்கிற வேலை. அவையும் சறுக்கும். 2011 டிசம்பர் 28, அயர்லாந்தில் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானம். வோலர் லா வெடெட் என்ற குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது, ஜெயிக்கப்போவது கண்ணுக்கே தெரிகிறது. ஏணியிலோ 29 என்ற விலையில் அதை லே செய்ய 2 கோடியே 10 லட்சம் பவுண்டு காத்துக்கொண்டு நிற்கிறது! எல்லாம் எடுபட்டிருந்தால் லயபிலிட்டி ஏறத்தாழ 60 கோடி பவுண்டு. குதிரை ஜெயித்தது. கட்டியவர்கள் கோடீஸ்வரக் கனவில் துள்ளிக் குதித்தார்கள். ஒரு நிரல் கெட்டுப்போய்த் தன் கணக்கின் எல்லையைத் தாண்டி ஆர்டர் போட்டுவிட்டது, அந்தக் கணக்கில் ஆயிரம் பவுண்டுகூட இல்லை என்று பெட்ஃபேர் சொன்னது. ஓட்டத்தின்போது நடந்த பந்தயம் அத்தனையையும் ரத்து செய்தது. நாள் முழுக்க மென்பொருள் சோதிக்கிறவன் நான். இந்தக் கதையைப் படித்த இரவு எனக்கு அந்த எல்லைப் பிழையே கனவில் வந்தது.

எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு வந்ததே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். 2008 செப்டம்பரில் 'பிரீமியம் சார்ஜ்' வந்தது, தொடர்ந்து லாபம் எடுப்பவர்களிடம் 20 சதவீதம். 2011இல் மேல்மட்டத்துக்கு அதை 60 வரை ஏற்றினார்கள்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எட்டு மாதம், 390 மணி நேரம். கமிஷன் போக மிச்சம் 212 பவுண்டு 40 பென்ஸ். மணிக்கு 54 பென்ஸ். முதல் நான்கு மாதம் நஷ்டம், அடுத்த நான்கு மாதம்தான் இந்த லாபம். வேகமாக எடுபட்டால் உடனே, யோசிக்காமல், கீறலோடு வெளியேறுவது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டேன், அதனால் வந்தது. 'நான் நினைத்த விலை' என்பதைக் கைவிட்டதும் ஒரு காரணம். விலை வைக்கிறவனுக்கு விலை மேல் அபிப்பிராயம் இருக்கக்கூடாது, கையில் சேர்ந்திருக்கும் சரக்கு மேல்தான் கவனம் இருக்கவேண்டும். ஒரே பக்கமாகச் சரக்கு சேர்ந்தால் தன் இரண்டு விலையையும் நகர்த்தி, மறுபக்க ஆளை இழுக்கவேண்டும். இதெல்லாம் தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது.

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் காவலுக்கு இருக்கும் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். வாலிபத்தில் மைதானத்து புக்கியிடம் கணக்கெழுதியவர். அவரிடமிருந்துதான் 'டிக்-டேக்' என்ற சைகை மொழி பற்றித் தெரிந்துகொண்டேன். வெள்ளைக் கையுறை மாட்டிய ஆட்கள் மேடையில் நின்று, காதைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, மணிக்கட்டைத் தட்டி, மைதானத்தின் அந்தக் கோடிக்கு விலை அனுப்புவார்களாம். 25 பவுண்டுக்கு 'போனி', 500க்கு 'மங்க்கி' என்று குழூஉக்குறி வேறு. பெரியப்பாவின் துண்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டதும் எழுந்து நின்று என் கையைப் பிடித்து, தன் கழுத்துச் சால்வையைப் போர்த்தி, "காட்டு" என்றார். எனக்கு எந்த விரலுக்கு எவ்வளவு என்று தெரியாது. பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை வுல்வர்ஹாம்டனுக்குக் கூட்டிப்போனார். எட்டு மாதம் குடியிருந்த ஊரை முதல்முறை பார்க்கிறேன். திரையில் பார்த்ததைவிடச் சின்னது, குளிர் அதிகம். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடக்க வைக்கும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குதிரை மூச்சுவிடுவது புகையாகத் தெரிந்தது. ஐந்தாம் எண் குதிரையின் பின்னங்காலைப் பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது சரியில்லை" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கு கால், பழுப்பு நிறம், வால். உடனே போனை எடுத்து ஏணியைத் திறந்தேன். ஐந்தாம் எண் 5.1இலிருந்து 5.6, 5.8 என்று ஏறிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தேன். எதிர்க் கம்பியோரம் காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண், குதிரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு விலை?" என்று பெரியவர் கேட்டார்.

போயிடுச்சு என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் சிப்ஸ் வாங்க வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர்.